சொன்னதை மாற்றும் பெட்டி

பொழியூர் ஐஸ் கம்பெனியில் கிரஷர் தானாக ஓடியது என்று பத்ரோஸ் சொன்னபோது யாரும் நம்பவில்லை. குடித்திருப்பான் என்றார்கள். பத்ரோஸ் குடிக்கிற ஆள்தான், ஆனால் வேலை நேரத்தில் தொடமாட்டான். அவன் சொன்னதைப் போய்ச் சோதித்துப் பார்த்தவள் ஒரே ஒருத்திதான். அவள் அவனுடைய அக்கா மகள் ஸ்டெஃபி. அந்தக் கிரஷரின் மோட்டாருக்குப் புதிய பெட்டி வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

ஸ்டெஃபி கடற்கரையில் பிறந்தவள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. மழைக்காலம் வரும்போதெல்லாம் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றை எடுத்துக்கொண்டது. ஒரு மத்தியானம், எல்லாரும் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே, அவர்கள் அடுக்களையின் பின்சுவர் சத்தமே இல்லாமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. சுவர் இருந்த இடத்தில் கடல் தெரிந்தது. அம்மா ஜெம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அதன்பிறகு ஊருக்குள்ளே வாடகை வீடுதான். அன்றிலிருந்து ஸ்டெஃபிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதையும் தள்ளிப் பார்க்காமல், இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். கதவைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்முன் அதை ஆட்டிப் பார்ப்பாள்.

நெய்யாற்றின்கரை பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, அங்கேயே ஒரு சின்னப் பேனல் கம்பெனியில் சேர்ந்தாள். மில்களுக்கும் பம்பு நிலையங்களுக்கும் மின்சாரப் பேனல் செய்து கொடுக்கிற கம்பெனி. முதலில் ஒயர் கட்டினாள். பிறகு பிஎல்சி புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற சின்னக் கணினி அது. அவளுடைய சந்தேக புத்திக்கு அந்த வேலை நன்றாகப் பொருந்தியது. மற்றவர்கள் ஒரு தடவை சோதித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் இன்னொரு தடவை சோதித்துவிட்டுத்தான் போவாள்.

அப்படியிருக்கும்போதுதான் பொழியூர் ஐஸ் கம்பெனி வேலை வந்தது. முதலாளி உண்ணிக்கு நெய்யாற்றின்கரையில் வீடு. ஐஸ் கம்பெனியை எந்நேரமும் போனிலேயே பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மோட்டார்களைக் காக்கிற பழைய ரிலேக்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மோட்டாருக்கும் பாரத்தை அளந்து சொல்கிற புதிய பெட்டி வைக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளையும் ஒரு கேபிளில் கோத்து பிஎல்சியோடு சேர்க்க வேண்டும். ஸ்டெஃபி பிறந்த ஊர், அவள் தாய்மாமன் வேலை பார்க்கிற இடம். கேட்டு வாங்கித்தான் போனாள்.

கிரஷர் என்பது ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே பல் வைத்த உருளை சுற்றும். மேலிருந்து ஐஸ் கட்டியைத் தள்ளினால் கீழே பொடியாக விழும். சில நேரம் கட்டி குறுக்கே சிக்கி உருளை நின்றுவிடும். உருளை நின்றால் மோட்டார் முக்கிக்கொண்டு கரண்டை இழுக்கும். அது எரிந்துபோகாமல் இருக்க ரிலே கரண்டை வெட்டிவிடும். பழைய ரிலேயில் ஒரு பொத்தான் இருந்தது. யாராவது பேனல் ரூமுக்குப் போய் அதை அமுக்கினால்தான் மோட்டார் மறுபடி ஓடும். அதனால் பத்ரோஸும் மற்றவர்களும் வசதியாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கட்டி சிக்கினால் கிரஷர் சுவிட்சை அணைக்கமாட்டார்கள். நேரே தொட்டிக்குள் கையை விட்டு, உளியால் கட்டியை உடைத்து எடுத்துவிட்டு, பிறகு போய்ப் பொத்தானை அமுக்குவார்கள். சரியான முறை இல்லைதான். ஆனால் அமுக்காமல் அது ஒருநாளும் ஓடியதில்லை.

புதிய பெட்டியில் இரண்டு வழி உண்டு. ஒன்று மேனுவல். ஆள் வந்து விடுவித்தால்தான் மோட்டார் ஓடும். இன்னொன்று ஆட்டோ. மோட்டார் சூடு ஆறியதும் பெட்டியே தடையை எடுத்துவிடும், சுவிட்ச் போட்டபடி இருந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். உண்ணி இதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார்.

"அப்போ ஆட்டோவில வெச்சுத் தா மோளே. ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் ஓடிப் போய் அமுக்கணும். ஐஸுக்கு வந்த மீன் வள்ளக்காரன்மாரு வரிசையில நின்னு திட்டுது."

"அது முடியாது முதலாளி," என்றாள் ஸ்டெஃபி. "கை உள்ள இருக்கும்போ ஓடிச்சுன்னா என்ன செய்வீங்க?"

ஸ்டெஃபி பெட்டியின் முகப்பிலிருந்த சின்னத் திரையில் தன் கையாலேயே மேனுவல் என்று வைத்தாள். வேண்டுமென்றே கட்டியைச் சிக்கவைத்துச் சோதித்தாள். மோட்டார் நின்றது. சூடு ஆறும்வரை காத்திருந்தாள். அசையவில்லை. மறுபடியும் ஒருமுறை செய்து பார்த்தாள். அசையவில்லை. அந்த நேரத்தில் பேனல் கம்பெனியின் சீனியர் அகில் பக்கத்து மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, பெட்டிகளை பிஎல்சியோடு சேர்த்துக்கொண்டிருந்தார். அகில் வேகமான ஆள். கள்ளிக்காட்டில் ஒரு தண்ணீர்ப் பம்பு நிலையத்துக்கு முன்பு செய்த, பெட்டிகளின் அமைப்புகள் அடங்கிய ஃபைலைத் திறந்து, மோட்டார்களின் பெயரை மாற்றி, கரண்டின் அளவை மாற்றி, இங்கே இறக்கினார். புதிதாக எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. கம்பெனியில் எல்லாரும் செய்வதுதான்.

கொஞ்ச நாள் ஒரு குழப்பமும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜெம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பத்ரோஸ் சொன்னான்.

"பிள்ளே, அந்தக் கிரஷர் நேத்து தானா ஓடிச்சு."

"தானா எப்பிடி மாமா ஓடும்? யாராவது பேனல் ரூமுக்குப் போயிருப்பாவ."

"யாரு போவா? ரூமு பூட்டிக் கிடக்கு, சாவி எனக்க இடுப்புல இருக்கு. கட்டி சிக்கி நின்னுது. கொஞ்ச நேரம் உளியைத் தேடிக்கிட்டு நின்னேன். திரும்பினதும் பின்னால கிடந்து கறங்குது."

"எலே, நீ குடிச்சிருந்தியா?" என்றாள் ஜெம்மா.

"நீயும் இதைத்தான் கேக்குதியாக்கா?" என்று பத்ரோஸ் மீனை ஒதுக்கிவைத்தான்.

மறுநாள் ஸ்டெஃபி வேலைக்குப் போகும் வழியில் ஐஸ் கம்பெனியில் இறங்கினாள். பேனல் ரூமுக்குள் உப்புக்காற்றும் அம்மோனியா வாடையும் கலந்து கண்ணைக் கரித்தது. கிரஷர் பெட்டியின் திரையைத் தட்டிப் பார்த்தாள். ஆட்டோ என்று இருந்தது.

அவளுக்குத் தலைக்குள் சூடேறியது. தான் கையால் வைத்தது நிச்சயம். சோதித்ததும் நிச்சயம். அப்படியானால் யாரோ வந்து மாற்றியிருக்கிறார்கள். யாருக்கு அது தேவை? நேரே உண்ணியின் அறைக்குப் போனாள்.

"முதலாளி, அந்தப் பெட்டியில யாரு கை வெச்சது?"

"எந்தப் பெட்டி?"

"நீங்கதான் ஆட்டோ வேணும்னு கேட்டீங்க. நான் முடியாதுன்னேன். இப்பம் அது ஆட்டோவில கிடக்கு."

உண்ணி எழுந்து நின்றார். "மோளே, அதை எப்பிடித் தொடணும்னுகூட எனக்கு அறியாது. ஆளை நிர்த்தி வேலை வாங்குறவன்தான் நான். ஆளைக் கொல்லுறவன் இல்ல."

அவள் நம்பவில்லை. வாசலில் நின்றவர்கள் கேட்கும்படியாகவே இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். பெட்டியை மறுபடியும் மேனுவலுக்கு மாற்றி, இந்தத் தடவை முகப்புப் பொத்தான்களுக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டாள். அந்த எண் அவளுக்கும் அகிலுக்கும் மட்டும்தான் தெரியும். பத்ரோஸை அழைத்து, சிக்கினால் முதலில் சுவிட்சை அணைக்காமல் கை வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். "சரி மக்கா, சரி," என்றான் அவன்.

மழை தொடங்கியது. காற்றும் மழையும் என்றால் பொழியூரில் கரண்டு நிற்காது. போவதும் வருவதுமாக இருக்கும். ஒரு மாலை பத்ரோஸ் போன் செய்தான். குரல் அடங்கியிருந்தது. கட்டி சிக்கியிருக்கிறது. கிரஷரில் அன்றைக்கு நின்றவன் ஷைஜு என்ற இன்னொரு ஆள். உளியை விட்டு நெம்பிக்கொண்டிருக்கும்போதே உருளை சுற்றியிருக்கிறது. உளியை அவன் கையிலிருந்து பிடுங்கி உள்ளே இழுத்து, வளைத்து, கீழே துப்பியிருக்கிறது.

"அவனுக்க கைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவன் இனி வரமாட்டேன்னு வீட்டுல போயி இருக்கான். எல்லாரும் என்னவெல்லாமோ சொல்லுதாவ. சர்ச்சிலேருந்து அச்சனைக் கூட்டிக்கொண்டு வந்து ஜெபிக்கணும்னு சொல்லுதாவ. நீ ஒருக்க வா மக்கா."

ஸ்டெஃபி போனாள். திரையைத் தட்டினாள். ஆட்டோ.

பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. தப்பான எண்ணை யாரும் அடித்துப் பார்த்த அடையாளம்கூட இல்லை. இந்தத் தடவை அவளுக்குக் கோபம் வரவில்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. சாய்ந்த சுவருக்குப் பின்னால் கடலைப் பார்த்த அன்று இப்படித்தான் குளிர்ந்தது. அவள் வளைந்த உளியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விரல் தடிமன் இரும்பு. அதை அந்த உருளை மரவள்ளித் தண்டை மடக்குகிற மாதிரி மடக்கியிருந்தது. பெட்டியை மேனுவலில் வைத்துவிட்டு வந்தாள்.

எண் தெரிந்த இன்னொரு ஆள் அகில்தான். மறுநாள் பேனல் கம்பெனி வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தவரை மறித்தாள்.

"சார், உண்ணி முதலாளி உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?"

"என்ன கேக்கணும்?"

"கிரஷரை ஆட்டோவுக்கு மாத்தச் சொல்லி."

அகில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவளைப் பார்த்தார். "ஸ்டெஃபி, நான் அந்தப் பக்கம் போயி மாசக் கணக்காச்சு. உனக்கு எல்லாரையும் சந்தேகம். நீ மாத்தினதா நினைச்சுட்டு மாத்தாம வந்திருப்ப. எல்லாருக்கும் வாறதுதான்."

அந்த வார்த்தை அவளை விட்டுப் போகவில்லை. ஒருவேளை அப்படித்தானோ? இரண்டு தடவையும்? தன் கை தொட்டதையே தன்னால் நம்ப முடியாவிட்டால் இனி எதை நம்புவது? பஸ்ஸில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டு போனாள். வீட்டில் அடுப்பு அணைந்ததா என்று பார்க்கப் போய், பார்த்த பிறகும் அங்கேயே நின்றாள்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு மத்தியானம் ஐஸ் கம்பெனிக்குப் போனாள். பெட்டி மறுபடியும் ஆட்டோவில் இருந்தது, மேனுவலுக்கு மாற்றினாள். இந்தத் தடவை போகவில்லை. பேனல் ரூமில் ஒரு ஸ்டூலைப் போட்டு, திரைக்கு நேரே உட்கார்ந்துகொண்டாள். யார் வந்து மாற்றுகிறார்கள் என்று பார்த்துவிடுவது என்ற முடிவு.

யாரும் வரவில்லை. வெளியே வள்ளக்காரர்களின் பெட்டிகள் வரிசையில் இருந்தன. கிரஷரின் கரகரப்பு சுவரில் ஏறி ஸ்டூலில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் முக்கி, நின்றது. கட்டி சிக்கிவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் மேனுவல். எல்லாம் சரியாக இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். பத்ரோஸ் சுவிட்சை அணைக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தாள். அது வருவதற்குள் கரண்டு போய்விட்டது. திரை இருண்டது. வெளியே யாரோ ஜெனரேட்டர் பார்க்கிற சிஜுவைக் கூப்பிட்டார்கள். அவன் எங்கோ டீ குடிக்கப் போயிருந்தான் போல. வர நேரமாயிற்று.

இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கரண்டு இல்லாத இடத்தில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். வெளியே பத்ரோஸும் அதையேதான் நினைத்திருக்கிறான்.

ஜெனரேட்டர் உறுமியது. பேனல் விளக்குகள் எரிந்தன. கிரஷர் பெட்டியின் திரை கண் திறந்தது. சிவப்பு விளக்கும் எரிந்தது. நின்ற நிலையைப் பெட்டி மறக்கவில்லை. மேனுவல் என்று தெரிந்தது. மேலே பிஎல்சியின் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்டின. கேபிள் விளக்கு பச்சையானது. ஸ்டெஃபியின் கண்ணுக்கு முன்னால், யாரும் தொடாமல், அந்தச் சொல் ஒரு நொடி மறைந்து வேறொரு சொல்லாக வந்தது.

ஆட்டோ.

சிவப்பு விளக்கு அணைந்தது. மோட்டார் எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

ஜெனரேட்டர்மேல் ஒரேயடியாகப் பாரம் விழக் கூடாது என்று பிஎல்சி மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டும். அந்த வரிசையை எழுதியவள் அவளே. முதலில், ஐஸை உறையவைக்கிற உப்புத் தண்ணீரைக் கலக்குகிற மோட்டார். பேனலுக்குள் அதற்குக் கரண்டு விடுகிற காண்டாக்டர் டப் என்று விழுந்தது. அடுத்தது கிரஷர். அவள் ஸ்டூலைத் தள்ளிவிட்டு மெயின் பிரேக்கரின் கைப்பிடியில் தொங்கினாள். எல்லாம் ஒரேயடியாக இருண்டது. வெளியே ஜெனரேட்டர் பாரமில்லாமல் வீறிட்டது.

கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினாள். கிரஷர் தொட்டிமேல் பத்ரோஸ் குப்புறக் கிடந்தான். ஒரு கை தோள்வரை உள்ளே. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. காலடிச் சத்தம் கேட்டு அவன் தலையை மட்டும் திருப்பினான்.

"என்ன மக்கா, கரண்டு வந்துட்டுப் போச்சா?"

அவள் சுவிட்சை அணைத்தாள். பிறகு அவன் கையை வெளியே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஐஸில் கிடந்து வெளிறிப்போயிருந்தன. பத்ரோஸுக்கு அப்போதுதான் விளங்கியது. மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

காரணம் தேட அவளுக்கு லேப்டாப்பைத் திறந்த கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது. அகில் இறக்கிய ஃபைலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. கிரஷரின் பக்கத்தில், யாரும் திறந்து பார்க்காத ஒரு மூலையில், ஆட்டோ என்று இருந்தது. கள்ளிக்காட்டில் பம்புகள் ஆளில்லாத மேட்டில் இருக்கின்றன. அங்கே அவை தானாக ஓடத்தான் வேண்டும். அந்த ஃபைல் இங்கே வந்தபோது பெயர்கள் மாறின, அது மட்டும் மாறவில்லை. கரண்டு போய் வரும்போதெல்லாம் பிஎல்சி ஒவ்வொரு பெட்டியையும் தேடிப் பிடிக்கும். பெட்டியில் இருப்பதும் ஃபைலில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றாக இல்லாவிட்டால் ஃபைலில் உள்ளதைப் பெட்டியின்மேல் எழுதிவிடும். பாஸ்வேர்டெல்லாம் கையால் தொடுகிறவர்களுக்குத்தான். கேபிள் வழியாக வருகிறதை அது தடுக்காது.

அவள் சோதித்த அன்று கரண்டு போகவில்லை. அவ்வளவுதான்.

உண்ணி அறைவாசலில் நின்றிருந்தார். ஸ்டெஃபி அவரிடம் போய், அன்று சொன்னது தப்பு என்றாள். அவர் தலையாட்டினார். "என் கிரஷரைச் சரியாக்கு மோளே. பாக்கியெல்லாம் பிறகு." ஃபைலைத் திருத்தினாள். ஒருமுறை நின்ற மோட்டார், ஆள் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டால் அல்லாமல் ஓடாது என்று புரோகிராமிலும் எழுதினாள். பிறகு கரண்டை வெட்டி, திரும்பக் கொடுத்து, அந்தச் சொல் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது.

அந்தச் சாயங்காலமே அகிலைப் பார்க்கப் போனாள். அவர் வீடு பாறசாலையில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால். பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவள் சொல்லச் சொல்ல, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்த ஃபைலை வேற எங்கெல்லாம் போட்டீங்க சார்?"

"அடுத்த சர்வீசுக்குப் போகும்போ மாத்திக்கலாம் ஸ்டெஃபி. இப்பம் போயி சொன்னா கம்பெனி இருக்காது."

"எங்கெல்லாம்?"

குழந்தை சிணுங்கியது. உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு கோழித்தீவன மில். ஒரு மரமில். பாறசாலைக்கு வெளியே, ரப்பரை உருளையில் கொடுத்துத் தகடாக்குகிற ஒரு மில். அந்த மூன்றாவதைச் சொல்லும்போது குரல் தேய்ந்தது.

"அங்க வேலை செய்த ஒரு அம்மைக்கு விபத்து நடந்தது. ஓணத்துக்கு முன்னால. ஓடுற மெஷினில கை விட்டாங்கன்னு சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் நினைச்சேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பிடித்தான் நினைச்சேன்," என்று மறுபடியும் சொன்னார்.

மறுநாள் காலையில் இருவருமாக அந்த மில்லுக்குப் போனார்கள். ஃபைலில் ஆட்டோதான். உருளைக்கு மேலே புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. கவனமாக வேலை செய்யவும் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. மேனேஜரிடம் சொல்லி ஃபைலை மாற்றிவிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டைக் கேட்டு நடந்தார்கள். வீட்டு முற்றம்வரை அகில் வந்தார். அதற்குமேல் வரவில்லை. ரப்பர் மரத்தடியில் நின்றுவிட்டார்.

அவள் பெயர் விஜயம்மா. அடுக்களை வாசலில் உட்கார்ந்து, மரவள்ளிக் கிழங்கைக் காலால் பிடித்துக்கொண்டு இடது கையால் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வலது கையில் கட்டைவிரலும் பாதி உள்ளங்கையும்தான் மீதி. அவள் புருஷன் ராஜையா ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். ஸ்டெஃபி அதில் உட்காராமல் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு மெஷின் ஓடிக்கிட்டா இருந்தது?"

விஜயம்மா கத்தியை நிறுத்தினாள். புருஷனை ஒருமுறை பார்த்தாள். பழைய கேள்விக்குப் பழைய பதிலைச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

"நின்னுதான் கிடந்தது. ரப்பர் சிக்கிக் கிடந்தது. கரண்டும் இல்ல. நான் எடுக்கப் போனேன். இதை ஆஸ்பத்திரியில சொன்னேன், மில்லுல சொன்னேன், இவியகிட்ட சொன்னேன். எல்லாருமா, உனக்கு ஓர்மை தப்பிப்போச்சுன்னு சொன்னாவ. பிறகு எனக்கே அப்பிடித் தோண ஆரம்பிச்சு."

ஸ்டெஃபி மெதுவாக, புரியும்படி எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியை, ஃபைலை, கரண்டு வந்ததும் அது செய்வதை. விஜயம்மா கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பம் அது நின்னுதான் கிடந்தது?"

"நின்னுதான் கிடந்தது அக்கா."

"கை போனது போட்டும் மக்கா," என்றாள் விஜயம்மா. "எனக்கு புத்தி பிசகிப்போச்சோன்னு நினைச்சு நினைச்சுத்தான் எனக்க உறக்கம் போச்சு." கொஞ்சம் பொறுத்து, ராஜையாவைப் பார்க்காமலே, "கேட்டீங்களா?" என்றாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு நடந்தது நல்லதும் கெட்டதுமாக நடந்தது. ஸ்டெஃபி தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கிற அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பேனல் கம்பெனி அவளை வரவேண்டாம் என்றது. அகில் முதலில் ஒளிந்து திரிந்தார். விசாரணைக்கு விஜயம்மா வந்து உட்கார்ந்த நாளில் அவரும் வந்தார். ஃபைலைத் தான்தான் இறக்கினேன் என்று சொல்லிவிட்டுப் போனார். விஜயம்மாவின் கவனக்குறைவு என்ற பேச்சு அத்தோடு நின்றது. வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்ரோஸ் ஐஸ் கம்பெனியில்தான் இருக்கிறான். கிரஷருக்குப் பக்கத்திலேயே ஒரு பூட்டு சுவிட்ச் வந்திருக்கிறது. அதை அணைத்துச் சாவியை எடுக்காமல் யாரும் தொட்டிக்குள் கை விடுவதில்லை.

ஆனால் அகில் சொல்லிமுடிக்காத ஒன்று இருந்தது. ஒருநாள் போனில் சொன்னார். கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுப் போன பையன்கள் போகும்போது ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவார்கள். நன்றாக ஓடுகிற ஃபைல் என்று கள்ளிக்காடு ஃபைலுக்குப் பெயர் இருந்தது. எத்தனை பேர் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஸ்டெஃபி இப்போது தனியாக வேலை செய்கிறாள். மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மில்களில் பழுது பார்க்கப் போகிறாள். எந்த மில்லுக்குப் போனாலும், வந்த வேலையைத் தொடுமுன் மெஷின்களிலிருந்து ஆட்களை விலக்கச் சொல்லி, மெயினை ஒருமுறை வெட்டித் திரும்பக் கொடுக்கச் சொல்வாள். அவர்களுக்குப் பிடிக்காது. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

போன மாசம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு கயிறு மில்லுக்கு, வேறு ஏதோ ரிப்பேருக்காகப் போயிருந்தாள். தேங்காய் மட்டையை அடித்து நார் பிரிக்கிற மெஷினில் இரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, பெட்டியை மேனுவலில் வைத்தாள். மேனேஜர் சலித்துக்கொண்டே மெயினை அணைத்தார். திரும்பப் போட்டார். ஸ்டெஃபி பெட்டிக்கு நேரே நின்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மேனுவல் என்ற சொல் மறைந்தது.

"இந்த வேலையை உங்களுக்கு யாரு செஞ்சு தந்தது?" என்று கேட்டாள்.

மேனேஜர் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. "நல்ல பையன். திருநெல்வேலிப் பக்கமெல்லாம் நிறைய மில்லுக்குச் செஞ்சிருக்கான்," என்றார் அவர்.